தழும்பில்லாத சுஜீதன்

1

இதைக் கதையாக எழுதவென்று நான் உட்காரவில்லை. குடிவரவுத் திணைக்களத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் எழுதித் தரும்படி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு பக்கம் போதும் என்றார். அந்த ஒரு பக்கத்தை எழுத உட்காரும் போதெல்லாம் அதற்குப் பதிலாக இது தமிழில் வந்துகொண்டிருக்கிறது, சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி.

மெல்பேர்ணில் தமிழில் கதை எழுதுகிறவர்களுக்கு வாசகர்கள் குறைவு, வாடிக்கையாளர்கள் அதிகம். யாராவது இறந்தால் நினைவு மலருக்கு நாலு வரி வேண்டும். அரங்கேற்றம் என்றால் அறிவிப்பாளருக்கு உரை வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத்தோடு சண்டை என்றால் அதிபருக்கு ஈமெயில். "அக்காவுக்கு எழுத வரும்" என்று சொல்லிக்கொண்டு மல்கிரேவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என் கதைகளை அவர்கள் ஒருவரும் வாசித்ததில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்த முறை மட்டும் அது என் அதிர்ஷ்டம். வந்தவர் இதை வாசித்தால் நான் தொலைந்தேன்.

வந்தவருக்குச் சுஜீதன் என்று பெயர் வைக்கிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. டார்னெய்ட்டில் இன்னும் இருவரோடு வீடு பகிர்ந்து இருக்கிறார். உறைந்த உணவு வைக்கிற பெரிய களஞ்சியம் ஒன்றில் வேலை. இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்து, வெளியே விடப்பட்டு, தற்காலிக விசாவில் பல வருடம் இழுபட்டு, அண்மையில்தான் நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்தது. மெலிந்த மனிதர். மெலிவு என்றால்

[இந்த இடத்தில் ஓர் உவமை எழுதி அழித்துவிட்டேன். ஒரு மனிதரின் விலா எலும்புக்கு உவமை தேடுவது அசிங்கமாக இருந்தது. மெலிந்தவர், அவ்வளவுதான்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

"சுஜீதன் தன் கைபேசியை என் மேசைமீது வைத்தார். அதில் இரண்டு சுஜீதன்கள் இருந்தார்கள்."

கெட்டிக்காரத்தனம் பல்லிளிக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி, திணைக்களத்துக்கு:

"மதிப்புக்குரிய அதிகாரிக்கு, இத்துடன் இணைக்கப்பட்ட படத்தில் காணப்படும் மார்பும் தோள்களும் என்னுடையவை அல்ல என்பதை"

முடிக்க முதல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடியத்தான் உறைத்தது. இந்த வாக்கியத்தின் மறுமுனையில் உண்மையாகவே ஓர் அதிகாரி கதிரையில் இருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வருமா என்பதில் ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது.

மூன்றாம் முயற்சி. நடந்ததை நடந்தபடி.

தேர்த்திருவிழா. இங்கேயும் கோயிலுக்குள் போகும்போது ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிடுவார்கள். சுஜீதன் எப்போதும் சால்வையை இடது தோளில் போட்டு, மார்பை மூடிக்கொண்டு ஓர் ஓரமாக நிற்பவர். அன்று வடம் பிடிக்க ஆள் காணாது என்று யாரோ இழுத்துவிட, சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து வினுஷா படம் எடுத்தாள். வினுஷா இங்கே பிறந்த பெட்டை. கோயில் விழா, சாமத்தியச் சடங்கு, கலியாணம் எல்லாவற்றுக்கும் அவள்தான் கமராவோடு நிற்பாள்.

நல்ல படம். வெயில், வடம், வாயைத் திறந்து அரோகரா சொல்கிற முகம். அப்படிச் சந்தோஷமான முகம் தன்னிடம் இருப்பது சுஜீதனுக்கே தெரியாதாம். முகத்துக்குக் கீழே விலா எலும்புகள். இடது காறை எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு. போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் ஷெல் துண்டு கிழித்தது.*

அந்தத் தேர்த்திருவிழா முடிந்த கையோடுதான் கிளிநொச்சியில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். பெண் மிருணாளினி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். சாதகக் குறிப்புப் பொருந்தியாயிற்று, படம் அனுப்பச் சொன்னார்கள். சுஜீதனிடம் இருந்த படங்கள் எல்லாம் விசாவுக்கு எடுத்தவை, சிரிக்கக் கூடாத படங்கள். சிரித்த படம் இது ஒன்றுதான்.

* தழும்பு உண்மையில் அந்த இடத்தில் இல்லை. அவரை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று நான்தான் நகர்த்தியிருக்கிறேன். வினுஷா செய்ததைத்தானே நீயும் செய்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஓம் என்றுதான் சொல்வேன்.

3

ஒரு கதைக்காக ஆட்களை விசாரித்துத் திரிவது என் வழக்கமல்ல. இது கதை மட்டும் இல்லை என்பதால் வினுஷாவைப் போய்ப் பார்த்தேன்.

"அன்ரி, முதல்ல வந்து லைட்டிங் கொஞ்சம் சரி பண்ணச் சொல்லித்தான் கேட்டவர். நான் 'ஓகே அங்கிள், நோ வொறீஸ்' எண்டன். உடன முகம் ஒருமாதிரிப் போச்சுது. பிறகுதான் மெல்லமாக் கேட்டார், கொஞ்சம் உடம்பு வைக்கலாமோ எண்டு."

அந்த 'அங்கிள்'தான் வேலை செய்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"ஜிம் பொடியா, நச்சுரலா எண்டு கேட்டன். நச்சுரல் எண்டார். அதுதான் அன்ரி ரியலி ஹார்ட். சிக்ஸ் பாக் வைக்கிறது பெரிய வேலையே இல்லை. ஆனா ஒருத்தரும் நம்பமாட்டினம்."

பிறகு எப்படிச் செய்தாள் என்று காட்டினாள். தோளைக் கொஞ்சம்தான் அகட்ட வேண்டும், ஆசைப்பட்டுக் கூட்டக் கூடாது. மார்பின் கீழ் விழுகிற நிழல் வெயில் வருகிற பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். வடம் இழுக்கிற பாரம் தெரிய முன்கையில் ஒரு நரம்பு. வயிற்றில் இருந்த சின்னத் தொய்வை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு குறை இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள். கவனிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறதெல்லாம் சேர்ந்து இழுபடும். முதல் தடவை தேர்வடம் பாம்பு மாதிரி நெளிந்து, பின்னால் நின்ற ஓர் அங்கிளின் கன்னம் வீங்கிப் போனதாம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தியிருந்தாள்.

பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. திரைப்படக் கதாநாயகன் இல்லை. சின்ன வயதில் கரப்பந்தாட்டம் ஆடி, இப்போது வாரத்துக்கு ஒருநாள் ஆடுகிற ஓர் ஆள். பட்டினி கிடக்காத, காயப்படாத, நேரத்துக்குச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு சுஜீதன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார். அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது.

"தழும்பு?" என்றேன்.

"ஸ்கின் ஸ்மூத் பண்ணேக்க போயிருக்கும். எடுக்கச் சொன்னவரோ எண்டு எனக்கு ஞாபகமில்லை அன்ரி. வை, ஏதும் பிரச்சினையோ?"

ஒன்றுமில்லை என்றேன். பிரச்சினை என்று சொன்னால் அழுதுவிடுவாள் போல இருந்தது.

4

படத்தைப் பார்த்து மிருணாளினி ஓம் என்றாள்.

[படத்தைப் பார்த்துத்தானா? அதில் எந்த இடத்தைப் பார்த்து? முகத்தை வினுஷா தொடவே இல்லை. ஆனால் சுஜீதனுக்கு அது உறைக்கவில்லை. தோள்களுக்குத்தான் பெண் கிடைத்தது என்று அவர் நம்பிவிட்டார்.]

பிறகு பல மாதம் வட்ஸ்அப்பில் கழுத்துக்கு மேலே மட்டும் காதல் நடந்தது. கழுத்துக்குக் கீழே சுஜீதன் பாடுபட்டார். முட்டையை உடைத்து அப்படியே குடித்தார். ஜிம்மில் சேர்ந்தார், நாரி பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை. களஞ்சியக் குளிரில் நின்று பெட்டி தூக்குகிற உடம்பு, உண்டதை எல்லாம் எரித்துவிட்டது.

இலங்கைக்குப் போக அவருக்குப் பயம். திருச்சியில் சந்தித்து, கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அதுவரை எல்லாம் சரி. விடுதி அறையில் அவர் சட்டையைக் கழற்றினார்.

"நல்லா மெலிஞ்சு போனியள்," என்றாளாம் மிருணாளினி. குற்றமாக இல்லை, கவலையாக. தேர் இழுத்த மனிதர் வேலை வேலை என்று கரைந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள் போல. அடுத்ததாகத் தழும்பைக் கண்டாள். என்ன இது என்று கேட்டாள்.

இந்த இடத்தை அவர் சொன்னபோது நான் சண்டைக்குப் போனேன்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே தம்பி?"

"என்னெண்டு அக்கா சொல்லுறது? படத்தில அது இல்லையே. ஷெல் எண்டு சொன்னா படம் பொய். படம் பொய்யெண்டா நான் அனுப்பின ஆளே பொய். கலியாணம் முடிஞ்ச முதல்நாள் அதைச் சொல்லுவனே?"

"அதுக்கு?"

"வேலையில பாரம் தூக்கிற ஃபோக்லிஃப்ட் தட்டினதெண்டன். படம் எடுத்ததுக்குப் பிறகு நடந்தது, உமக்குச் சொன்னா நீர் பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை எண்டன்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாயில வந்திட்டுது அக்கா."

எனக்குக் கோபமாக வந்தது. இப்படிக் கச்சிதமாகப் பொருந்துகிற பொய் எனக்கு எழுத உட்கார்ந்தாலும் வராது.

5

மனைவியை இங்கே கூப்பிடுகிற விசாவுக்கு, உறவு உண்மையானது என்று காட்டப் படங்களும் இருவரும் எழுதுகிற விவரமும் கேட்பார்கள். தன் பங்கை மிருணாளினி கிளிநொச்சியில் இருந்துகொண்டு தானே எழுதி, தானே படங்களைச் சேர்த்து அனுப்பிவிட்டாள். முதலாவது படம் தேர். அதன் கீழே, "என் கணவர் எனக்கு முதன்முதல் அனுப்பிய படம்." பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

"சென்ற வருடம் என் கணவர் வேலைத்தலத்தில் காயப்பட்டார். சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று என்னிடம் மறைத்தார். திருச்சியில் அந்தக் காயத்தை என் கண்ணால் கண்டபோதுதான் அவர் என்னை எவ்வளவு நேசிக்கிறார் என்று அறிந்தேன்."

நான் எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அதே திணைக்களத்தில் சுஜீதனின் பழைய கோப்பு இருக்கிறது. அதற்குள்ளும் இதே உடம்பு இருக்கிறது. மருத்துவர் ஒருவர் தழும்புக்குப் பக்கத்தில் அளவுக்கு அடிமட்டம் பிடித்து எடுத்த படம். இவர் சொல்கிற இடத்தில் இவர் இருந்தார், இவருக்கு நடந்தது உண்மை என்று அந்தத் தழும்பை வைத்துத்தான் அன்றைக்கு வாதாடினார்கள். இந்த நாட்டில் அவரைக் கால் வைக்க விட்டது அந்தத் தழும்பு. இப்போது அவருடைய மனைவியே, அது போன வருடம் ஃபோக்லிஃப்ட் தட்டியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்குச் சாட்சியாகத் தழும்பில்லாத ஒரு படமும் வைத்திருக்கிறாள்.

இதைக் கண்டுபிடித்தவர் லோயர், பழைய வழக்கைப் பார்த்த அதே பெண். தன் மனைவி எழுதியதன் பிரதியைச் சுஜீதன் பெருமையாகக் காட்டப் போயிருக்கிறார். வாசித்துவிட்டு லோயர் நிமிர்ந்து பார்த்து, எது உண்மை என்று கேட்டாராம்.

அவர்களாகக் கேட்க முதல் நாங்களாகத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது லோயரின் அறிவுரை. படம் திருத்தியது என்று சொல்ல வேண்டும். ஃபோக்லிஃப்ட் பொய் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது பொய் என்று மனைவிக்குத் தெரியாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் எழுதியிருந்தால் அது தவறு, மன்னிப்பார்கள். தெரிந்து எழுதியிருந்தால் வேறு கதை.

"வேற கதை எண்டா என்ன அக்கா?" என்று சுஜீதன் என்னைக் கேட்டார்.

மிருணாளினி இங்கே வர முடியாமல் போகலாம் என்றேன். பழைய கோப்பையும் யாராவது திரும்பத் திறக்கலாம் என்பதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். அவர் அதை என் முகத்தில் வாசித்துவிட்டார்.

[அப்படித் திறப்பார்களா என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. தேடிப் பார்த்தேன், தேடத் தேடப் பயம்தான் கூடியது. தெரியாதது தெரிந்ததைவிடப் பெரிது.]

அன்றிலிருந்து அவர் கைபேசியில் ஈமெயில் வருகிற சத்தத்தை நிறுத்திவைத்திருக்கிறார். நிறுத்திய பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தெடுத்துப் பார்க்கிறார். எனக்கும் தொற்றிவிட்டது. என் கைபேசியில் அவருடைய ஈமெயில் வராது என்று தெரிந்தும் நான் எடுத்துப் பார்க்கிறேன்.

6

லோயருக்கு இன்னொரு வரி தேவைப்பட்டது. உடம்பு வைத்தது சரி, தழும்பை ஏன் எடுத்தீர்கள்?

அதற்கு நான் எழுதியது:

"அந்தப் படம் கிளிநொச்சியில் ஒரு பெண்ணின் கைபேசிக்குப் போகிறது. உடம்பில் காயத் தழும்பு உள்ள ஆண் என்றால் அவன் முன்னாள் போராளியா என்று அங்கே படையினர் கேட்பார்கள். என்னால் அவளிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அவளுடைய பாதுகாப்பை எண்ணியே தழும்பை அகற்றச் சொன்னேன்."

எழுதி முடிய எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வினுஷாவின் படம் மாதிரி, வெயிலுக்கு ஒத்த நிழல். எந்த அதிகாரிக்கும் மனம் இளகும். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் சொல்லிக் காட்டினேன். சுஜீதன் கதிரை நுனியில் இருந்து கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. இதில வாறவர் நல்ல மனிசன்."

"அப்ப இதையே வைப்பமா?"

"அது நானில்லையே. நான் அப்பிடி ஒண்டும் யோசிக்கேல்லை."

"அப்ப ஏன் எடுக்கச் சொன்னனீர்?"

"நான் சொல்லேல்லை. அந்தப் பிள்ளை படத்தை அனுப்பேக்கயே அது இல்லை. திருப்பிப் போடச் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை." கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போய்த் திரும்பியது. பிறகு நிறுத்தாமல் பேசினார். "எத்தினை பேருக்கு அதைக் காட்டிட்டன் அக்கா. டொக்டருக்கு, லோயருக்கு, மொழிபெயர்க்க வந்த அங்கிளுக்கு. ஷேர்ட்டைக் கழட்டுங்கோ, திரும்புங்கோ, வெளிச்சத்துக்கு வாங்கோ. அது இருந்தாத்தான் நான் சொல்லுறது உண்மை, இல்லாட்டி நான் பொய்யன். ஒராளுக்கு எண்டாலும் அது இல்லாத மனிசனா இருப்பம் எண்டு ஆசைப்பட்டிட்டன். மிருணாவுக்கு மட்டும்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ வெட்கப்பட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். திரும்பி வந்து என் அழகான வரிகளை எல்லாம் அழித்தேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசியில் லோயர் கேட்ட வரி:

"தன் விவரத்தை எழுதியபோது என் மனைவிக்கு இவை எதுவும் தெரியாது. நான் சொன்னதை நம்பி, நல்ல எண்ணத்துடனே எழுதினார்."

இனி இதை அனுப்ப முதல் மிருணாளினிக்குச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் அவளுடையது.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா," என்றார். "எனக்கு நாக்கு வராது. நீங்கள் எழுதுற ஆள், பக்குவமாச் சொல்லுவியள்."

7

அவளோடு பேச முதல் நான் கதைக்கு மூன்று முடிவுகளைத் தயாராக்கி வைத்தேன். கெட்ட பழக்கம்.

முதலாவது முடிவில் அதிகாரி எதையும் கவனிக்கவில்லை. மிருணாளினி வந்து இறங்குகிறாள். கொளுத்துகிற வெயிலில் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு சுஜீதன் விமான நிலையத்தில் நிற்கிறார். இரண்டாவதில் நிராகரிப்பு வருகிறது. மூன்றாவதில் மிருணாளினி படத்தையும் தாலியையும் சேர்த்து எறிந்துவிட்டு, தோள்களைக் காட்டி ஏமாற்றி என்னைக் கட்டினீர்கள் என்று ஓர் ஆவேச உரை நிகழ்த்துகிறாள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் மிருணாளினி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குத் திருப்தியில்லை. படத்தை நம்பினாள், மெலிவை நம்பினாள், ஃபோக்லிஃப்டை நம்பினாள். நம்புவதைத் தவிர இந்தக் கதையில் அவளுக்கு வேறு வேலை இல்லை. வேறொருவர் இப்படி ஒரு பெண்ணை எழுதியிருந்தால் நான் விமர்சனக் கூட்டத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

8

மிருணாளினிக்கு வட்ஸ்அப் வீடியோவில் அழைப்பு எடுத்தேன். அங்கே காலை. சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு, கைபேசியை எதிலோ சாத்தி வைத்துவிட்டுப் பேசினாள்.

படம் திருத்தியது என்று, சுற்றி வளைத்து, பாயாசத்தில் மருந்து கலந்து கொடுக்கிற மாதிரிச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அதுக்கே அக்கா இவ்வளவு நேரம் இழுத்தனீங்கள்? ஆர் இப்ப திருத்தாமல் படம் அனுப்பினம்? நான் அனுப்பின படத்தில என்ர நிறத்தைப் பாத்தனீங்களே? வெள்ளைக்காரி மாதிரி."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு ஃபோக்லிஃப்ட் பொய்யையும் சொல்லிவிட்டேன். அவள் ஊசி குத்துவதை நிறுத்தினாள்.

"அக்கா, நான் பொக்கணையில, அந்தக் கடைசிச் சண்டைக்குள்ள இருந்து வந்தனான். எனக்கு ஷெல் காயம் தெரியாதே? அண்ணான்ர முதுகில இருக்கு. அம்மான்ர காலில இருக்கு. திருச்சியில கண்ட உடன எனக்குத் தெரியும்."

"பிறகேன் பிள்ளை அப்பிடி எழுதினனீர்?"

"அவர் அப்பிடித்தானே சொன்னவர். சொல்லேக்க அவற்ற முகத்தைப் பாத்தனான் அக்கா. அது வேலையில பட்ட காயமா இருந்திட வேணும் எண்டு அவருக்கு அவ்வளவு ஆசை. சரி, எனக்கு அவர் அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். நானும் எழுதிக் குடுத்திட்டா அது உண்மை மாதிரி ஆயிடும் எண்டு நினைச்சன்."

பழைய கோப்பைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கதைகளைச் சுஜீதன் அவளிடம் வாயே திறக்கவில்லை. அடிமட்டம் வைத்து எடுத்த படத்தைப் பற்றி நான்தான் சொன்னேன். தெரிந்து எழுதுவதற்கும் தெரியாமல் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொன்னேன்.

"அப்ப நான் தெரிஞ்சுகொண்டு பொய் எழுதினதா ஆகுமோ அக்கா?"

"ஓம்."

"எனக்கு விசா வராதோ?"

"வராமல் போகலாம்."

"அவருக்கு?"

அவளும் அதை என் முகத்தில் வாசித்திருப்பாள். அவள் கமராவிலிருந்து கொஞ்சம் விலகிப் போனாள். ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது குரல் சின்னதாக இருந்தது.

"எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அது இல்லாத ஆளா என்னோட மட்டும்தான் அவர் இருக்கிறார். அதையும் பறிச்சா அவர் உடைஞ்சு போவார். மற்றதை நீங்கள் பாத்து எழுதுங்கோ. உங்களுக்குத்தானே அக்கா எது சரியெண்டு தெரியும்."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வேலைக்கு நேரமாகிவிட்டது, போட்டு வாறன் என்று வைத்துவிட்டாள்.

9

நம்புவதைத் தவிர வேலையில்லாத பெண் என்று ஏழாவது பகுதியில் எழுதியிருந்தேன். அதைத் திருத்தப் போவதில்லை. நான் எவ்வளவு மடைச்சி என்பது கிடக்கட்டும்.

ஆனால் ஒரு வரி கிடக்க முடியாது.

என் மனைவிக்கு இவை எதுவும் தெரியாது. சுஜீதனைப் பொறுத்தவரை அது உண்மை. அவர் கையெழுத்து வைத்தால் பொய் சொன்னவர் ஆகமாட்டார், அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார். பொய் சொல்கிறவள் நான். வினுஷா வயிற்றில் தொய்வை விட்டுவைத்த மாதிரி, மற்றதெல்லாம் உண்மையாக வைத்து, அவற்றுக்கு நடுவில் யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பொய்யை நான் ஒட்டிக் கொடுக்கிறேன். அந்த வரியை எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், அவளும் அந்தத் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். விசாவும் போய்விடலாம். விட்டுவைத்தால், என்றைக்காவது ஓர் அதிகாரி தொலைபேசியில் மிருணாளினியிடம் நேரடியாகக் கேட்கலாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அன்பாகச் சொல்ல மட்டும்தான் தெரியும்.

அவளிடமே திரும்பக் கேட்கலாம். லோயரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டலாம். இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்து

[இல்லை.]

சுஜீதன் வந்துவிட்டார். இப்போது என் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வேலைக்குப் போட்ட தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமல், ஆங்கில வரிகளுக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டு வருகிறார். படம், தோள், தழும்பு, திருச்சி. ஒவ்வொரு வரியிலும் முகம் சுருங்குகிறது. கடைசி வரிக்கு வந்து விரலை அங்கேயே வைத்துக்கொள்கிறார். இவ்வளவு நாளில் முதல் தடவையாக முகம் தெளிகிறது.

"இந்த ஒரு வரிதான் அக்கா," என்கிறார், "ஒரு பொய்யும் கலக்காத வரி."

கையெழுத்து வைக்கப் பேனையைக் கேட்டுக் கையை நீட்டுகிறார். பேனை என்னிடம் இருக்கிறது. எனக்கு இதற்கு மேல் முடியாது. நீங்கள் இந்தக் கதிரைக்கு வாருங்கள், பேனையைப் பிடியுங்கள். அவருக்குக் கொடுப்பதோ, அந்த வரியை வெட்டுவதோ, அது உங்கள் பாடு. அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.